பிக்சல் எழுத்து: புள்ளியா, கட்டமா?

படம், கூறு என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டியதே 'பிக்சல்'. 1965இல் ஃபிரெட் பில்லிங்ஸ்லியின் கட்டுரைகள் வழியே அச்சேறியது. பிக்சல் எழுத்துருவைப் 'புள்ளி எழுத்து' என்பது எனக்கு ஒப்பவில்லை. தமிழில் புள்ளி எழுத்தென்றால் மெய்யெழுத்து. தொல்காப்பியத்தில் 'புள்ளி மயங்கியல்' என்று ஓர் இயலே உண்டு. கோலத்திலும் புள்ளி இருக்கிறதே என்றால், அங்கே இழை புள்ளியைச் சுற்றியோ இணைத்தோ ஓடும். பிக்சல் எழுத்துருவிலோ எட்டுக்கு எட்டு போன்ற கட்டச் சட்டத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்பதே வேலை. பழைய ஆர்கேட் விளையாட்டுகளை ஒட்டிய 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' எழுத்துருவைப் பெரிதாக்குங்கள்: வளைவெல்லாம் படிக்கட்டு. பிக்சல் சதுரமன்று, மாதிரிப் புள்ளியே என்று கணினி வரைகலை முன்னோடி ஆல்வி ரே ஸ்மித் 1995இல் வாதிட்டது நிழற்படத்துக்குச் சரி. தலைப்பெழுத்திலோ அந்தப் படிக்கட்டுக்காகத்தான் பிக்சல் எழுத்துருவைத் தேர்கிறோம். 'கட்ட எழுத்து' என்பதே பொருந்தும்.