சூரத் ஜரிகைக்காரர் சாட்சி சொல்ல வருவாரா? காஞ்சி பட்டு வியாபாரிகளே, கொஞ்சம் கவனிங்க!

காஞ்சிபுரம்: ஜரிகை சூரத்தில் இருந்து வருது, சேலை பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போகுது. பாக்கிப் பணம் வராவிட்டால் 3 வருஷத்துக்குள் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போடலாம். ஆனால் பார்சலை வாங்கி வைத்த டிரான்ஸ்போர்ட் ஊழியர் வெளிமாநிலத்தில் இருக்கிறாரே, அவரை எப்படிக் கூண்டில் ஏற்றுவது?

சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்குக் கணக்கு இருக்கு. கோர்ட் எல்லைக்கு வெளியே 100 கிலோமீட்டருக்குள் இருப்பவரை நேரில் வரச் சொல்லலாம். ஆறில் ஐந்து பங்கு தூரத்துக்கு ரயிலோ பஸ்ஸோ இருந்தால் 500 கிலோமீட்டருக்குள் இருப்பவரையும் கூப்பிடலாம். ஆக, பெங்களூர்க்காரர் வந்துதான் ஆகணும். சம்மனை மதிக்காவிட்டால் வாரண்டு, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

சூரத்காரர் கதை வேறு. அவ்வளவு தூரத்தில் இருப்பவரை விமான டிக்கெட் காசு கொடுத்தால்தான் கட்டாயப்படுத்த முடியும், அதுவும் இரண்டு ஊருக்கும் விமான வசதி இருந்தால். காஞ்சிபுரத்தில் ஏது ஏர்போர்ட்? எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு வாய்தா போச்சு! 40 ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு யார் பிளைட் டிக்கெட் எடுப்பாங்க?

அதற்குத்தான் கமிஷன். சாட்சி இருக்கும் ஊரிலேயே அவரை விசாரித்துப் பதிவு செய்து அனுப்பும்படி கோர்ட் உத்தரவிடும். வீடியோ கான்பரன்சிலும் சாட்சி சொல்லலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2003லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு இது சகஜம். செலவும் மிச்சம்.

பலர் கோட்டை விடுவது தேதியில். வழக்கின் எழுவினாக்கள் வகுத்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல் கொடுக்கணும். பயணச் செலவையும் படியையும் முன்கூட்டியே கோர்ட்டில் கட்டணும். கட்டாவிட்டால் சம்மன் நகராது. சாட்சி தானாகவே வரத் தயார் என்றால் சம்மனே வேண்டாம். முதல் விசாரணையை அபிடவிட்டாகக் கொடுத்துவிட்டு, குறுக்கு விசாரணைக்கு மட்டும் வந்தால் போதும்.

சாட்சி வந்துவிட்டாலே ஜெயிச்ச மாதிரி இல்லை. அது கிரிமினல் கேஸ்தான், ஆனாலும் இந்த ஊர் மறக்காதது: 2004 செப்டம்பர் 3ல் வரதராஜ பெருமாள் கோவில் மேலாளர் சங்கரராமன் கொலையானார். வழக்கு 2005ல் புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. அங்கே போய் சாட்சி சொன்ன 189 பேரில் 83 பேர் பிறழ் சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27ல் ஜெயேந்திரர் உள்பட 23 பேரும் விடுதலை.

அதனால் காகிதத்தை நம்புங்க. கையெழுத்து போட்ட பில், லாரி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தால் பாதி சாட்சி வேலை முடிஞ்சது. வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் அனுப்புறேன்" என்று எதிராளி போட்ட மெசேஜும் செல்லும். ஆனால் வெறும் பிரிண்ட் அவுட் மட்டும் கொடுத்தால் ஆட்சேபணை வரும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கணும். அந்த மெசேஜ் இருக்கும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீங்க.