நயினாதீவுக் கல்வெட்டும் நெடுந்தீவுப் படகும்

2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர், யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் செல்வது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய குழுவொன்றுடன் இரண்டு நாட்கள் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கொழும்பிலிருந்து வந்த சிங்கள, தமிழ்க் குடும்பங்களும் ஐரோப்பியர் சிலரும் அதில் இருந்தனர். வழிகாட்டி யாழ்ப்பாணத்து இளைஞர். பழைய கதைகள் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது என்று அவரே என்னை அழைத்திருந்தார்.

முதல் நாள் பண்ணைப் பாலம் கடந்து ஊர்காவற்றுறைக்குச் சென்றோம். கரையில் நின்றால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டை தெரியும். 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடையாக உருவகித்து, அத்தொடையின் குதி என்னும் பொருளில் 'ஹமன்ஹீல்' என்று அதற்குப் பெயரிட்டனர். வழிகாட்டி இதனைச் சுவையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தனர், படம் எடுத்துக்கொண்டனர்.

நான் அவர்களுக்குச் சொன்னது யானைகளின் கதை. ஆங்கிலத்தில் இவ்வூருக்கு வழங்கும் 'கயிட்ஸ்' என்ற பெயர், இறங்குதுறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் நடத்திக் கொண்டுவரப்பட்டு, இந்தத் துறையிலிருந்தே மரக்கலங்களில் ஏற்றப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்த பெருவருமானங்களுள் யானை வணிகமும் ஒன்று. இன்று வெறிச்சோடிக் கிடக்கும் இந்தக் கரை, ஒருகாலத்தில் இலங்கையின் முன்வாசல்களில் ஒன்றாக இருந்தது.

அன்று பிற்பகல் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குச் சென்று, அங்கிருந்து படகில் நயினாதீவை அடைந்தோம். நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் செல்லும் இந்துக்களும் நாக விகாரைக்குச் செல்லும் பௌத்தர்களும் ஒரே படகில் நெருக்கியடித்துக்கொண்டு போவதை இங்கு எப்போதும் காணலாம். புத்தர் பெருமான் நாகதீபத்துக்கு வந்து இரு நாக அரசர்களின் பிணக்கைத் தீர்த்துவைத்தார் என மகாவம்சம் கூறுகின்றது. அந்த நாகதீபம் இத்தீவே என்பது சிங்கள யாத்திரிகர்களின் நம்பிக்கை. வழிகாட்டி இரண்டு தலங்களையும் காட்டினார். எனினும் அம்மன் கோயிலில் உள்ள பழைய கல்வெட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குழுவினரும் அதைக் கடந்து போய்விட்டனர்.

அந்தக் கல்வெட்டு, பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் பொறிப்பித்த கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பரதேசிகள், அதாவது பிற நாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் முதற் செய்தி. ஊராத்துறை என்பது நாம் காலையில் நின்ற ஊர்காவற்றுறையே. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால், பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. இது அதன் அடுத்த செய்தி.

உடைந்த கப்பலின் பொருளெல்லாம் கரையை ஆள்வோனுக்கே உரியது என்ற வழக்கம் உலகின் பல கரைகளில் நிலவிய காலம் அது. அத்தகைய காலத்தில், கடலில் வரும் அந்நியனுக்கும் உரிமை உண்டு என்று ஒரு மன்னன் கல்லில் எழுதிவைத்தான். இதில் அவனது சுயநலமும் இருந்தது. யானையையும் குதிரையையும் அவன் விரும்பினான். வணிகர்கள் அஞ்சினால் அவை வரமாட்டா. தமிழில் எழுதப்பட்டதற்கான காரணமும் எளிதில் விளங்கும். இக்கடலில் வந்துபோன வணிகர்க்கு விளங்கிய மொழி அது.

இரண்டாம் நாள் நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். படகில் ஏறியதும் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். அலை சற்றுப் பெரிதாக இருந்தது. குழுவிலிருந்த பிள்ளைகள் ஒவ்வோர் அலைக்கும் கூச்சலிட்டு மகிழ்ந்தனர். மறுபக்கத்தில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நெடுந்தீவு மூதாட்டி ஒருவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சுற்றுலாக்காரருக்குச் சாகசமாக இருக்கும் பயணம் தீவாருக்கு அன்றாடப் பாடு.

நெடுந்தீவில் பார்க்கப் பலவுண்டு. முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையின் இடிபாடு, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஆகியவை அவற்றுட் சில. எல்லோரையும் கவர்பவை குதிரைகளே. ஐரோப்பியர் ஆட்சியில் இங்கு குதிரை வளர்ப்பு நடந்தது. பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெப்டினன்ட் நோலன் என்பவர் அதனை நடத்தினார். அக்குதிரைகளின் வழிவந்தவை இன்று கட்டுப்பாடின்றிப் புல்வெளியில் திரிகின்றன. முந்திய நாள் நயினாதீவில் குதிரை மரக்கலம் பற்றிய கல்வெட்டைக் காட்டியிருந்தால், இக்குதிரைகளைக் குழுவினர் வேறு கண்கொண்டு பார்த்திருப்பர்.

திரும்பும் படகுக்காக மாவலி இறங்குதுறையில் காத்திருந்தோம். அங்கே ஒரு நினைவுத்தூபி இருக்கின்றது. வழிகாட்டி அதன் பக்கம் திரும்பவில்லை. தனியே அழைத்துக் கேட்டேன்.

"ஐயா, சந்தோசமா இருக்க வந்த சனம். இதைச் சொன்னா ஆக்களின்ரை முகம் மாறிப்போகும். பிறகு நான் அரசியல் கதைக்கிறன் எண்டுவினம்" என்றார்.

அவரைக் குறைகூற என்னால் முடியவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே, குழுவிலிருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் அருகே வந்து, இது யாருக்காகக் கட்டியது என்று கேட்டார். வழிகாட்டி என்னைப் பார்த்தார். பின்னர் தாமே சொல்லத் தொடங்கினார்.

1985 மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற 'குமுதினி' என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை அக்காலத்தில் குறிப்பிட்டது. தீவக மக்கள் நினைவுகூரும் தொகை 36. வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் சாட்சியம் கூறினர். அரசு மறுத்தது. அதற்கு முதல் நாள், மே 14ஆம் திகதி, அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பேரைச் சுட்டுக்கொன்றிருந்தனர். இரண்டு இடங்களிலும் மாண்டவர்கள் எவருக்கும் தீங்கு செய்யாத சாதாரண மக்கள். இதையும் நான் சேர்த்துச் சொன்னேன்.

எவருடைய முகமும் வழிகாட்டி அஞ்சியவாறு மாறவில்லை. ஆசிரியை தூபியின் முன் சிறிது நேரம் நின்றார். திரும்பும் படகில் அவர்கள் வழிகாட்டியைச் சூழ்ந்துகொண்டு கேள்விகள் கேட்டபடியே வந்தனர். இரண்டு நாட்களிலும் அவர்கள் இவ்வளவு கேட்டதில்லை. நயினாதீவுக் கல்வெட்டைப் பற்றியும் அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. "நேற்று அதைக் கடந்து போய்விட்டோமே" என்று ஒருவர் வருந்தினார்.

எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர், முகமறியாத அந்நியனுக்கே இக்கடலில் பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டது. அதே கடலில் 1985இல் சொந்த நாட்டுப் பயணிகளுக்கு அது கிடைக்கவில்லை. தீவகத்துக்கு வருவோர் இவ்விரண்டையும் அறிந்து செல்ல வேண்டும். குறிகட்டுவான் துறையில், படகுக்குக் காத்திருக்கும் இடத்தில், பராக்கிரமபாகுவின் கட்டளையையும் குமுதினியின் கதையையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தால், வழிகாட்டிகள் அஞ்சவேண்டிய தேவை இராது. அங்கே எல்லோரும் படகுக்காக எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். வாசிக்க நேரம் இருக்கும்.