லினக்ஸ் வழங்கியைப் பார்த்துக்கொள்ள எந்த மென்பொருள்?

1981இல் யாழ். பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் எமது எழுத்துகளை மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில் சேர்த்து வருகிறது. காணி உறுதி, கடிதம், படம் என்பவற்றை ஊர் வாசிகசாலைகளும் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் நிறுவிச் சேமிக்கலாம்.

முகாமைத்துவத்துக்கு நான் முதலில் சொல்வது கொக்பிட். உலாவியில், 9090ஆம் துறையில் திறக்கும். பாவிக்காத நேரம் நினைவகத்தை அநேகமாக எடுக்காது. வெப்மின் 1997 முதல் உள்ளது. தரவுத்தளம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அதிலேயே அமைக்கலாம். ஆனால் அதன் சில பதிப்புகளில் 2019இல் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது, புதுப்பிக்காமல் விடக்கூடாது. இரண்டையும் பொது இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

தளம் நின்றால் மூன்றைப் பாருங்கள்: வன்தட்டு நிறைந்துவிட்டதா, சேவை ஓடுகிறதா, பதிவேட்டின் கடைசி வரிகள் என்ன சொல்கின்றன. பல தடவை பதிவேட்டுக் கோப்புகளே வட்டை நிரப்பியிருக்கும். அப்போது தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். பழைய பதிவேடுகளை அகற்றிவிட்டுச் சேவையை மீளத் தொடங்குங்கள்.

இவை எதுவும் தானாகப் பிரதி எடுத்து வைக்காது. ஆர்சிங்க் மூலம் நாளாந்தம் ஒரு பிரதியை வேறோர் ஊருக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள்.