கம்போடியாப் பருத்தியின் தாய்வழி

ராஜபாளையத்து மில்களில் நூலாகி, சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணியாகிற பஞ்சில் பெரும்பங்கு அமெரிக்கப் பருத்தி இனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கம்போடியா’ என்ற பெயரோடு தமிழ்நாட்டுக்கு வந்தது அது. அதற்கு முன்பே கரிசல் நிலத்தை ஆண்டவை நாட்டுப் பருத்திகளான கருங்கண்ணியும் உப்பமும். கரிசல் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல.

கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்திக்கு 52. அந்த 52-இல் பாதி பெரியவை, பாதி சிறியவை. 1934-இல் ஆய்வாளர் ஸ்கோவ்ஸ்டெட் இதற்கு விளக்கம் சொன்னார்: பெரியவை கருங்கண்ணி, உப்பம் போன்ற ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்தியின் சொத்து, சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் சொத்து. அப்படியானால் இரண்டில் தாய் எது?

விடை இலைக்குள் இருந்தது. பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்துக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. பருத்தியில் அது மகரந்தம் வழியாக வருவதில்லை. தாய்ச் செடியிடமிருந்து மட்டுமே விதைக்கு இறங்குகிறது. 1989-இல் ஆய்வாளர் ஜொனாதன் வெண்டல் அந்த டி.என்.ஏ.வை ஒப்பிட்டார். அமெரிக்கப் பருத்தியின் பசுங்கணிகம் கருங்கண்ணி, உப்பம் குடும்பத்தோடு சேர்ந்தது. தந்தைக்கு மிக நெருங்கிய உறவு, பெரு நாட்டுக் காட்டுச் செடியான காஸிபியம் ரெய்மாண்டி. நூற்கத் தகுந்த பஞ்சு அதில் கிடையாது. சுமார் பத்து முதல் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஒரு பருத்தி அங்கே காட்டுச் செடியோடு கலந்ததில் பிறந்ததே இன்றைய அமெரிக்கப் பருத்தி.

2006-இல் அதன் பசுங்கணிக மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது: 1,60,301 கார இணைகள். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஹென்றி டேனியல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2012-இல் காட்டு இனங்களையும் சேர்த்து 12 பருத்திகளின் பசுங்கணிகத் தொகுதிகளை ஆய்வாளர்கள் வரிசையாக ஒப்பிட்டார்கள். அப்போதும் தாய்வழி மாறவில்லை.

நூற்கும் பஞ்சு தராத காட்டுச் செடியின் பங்கு இல்லாமல் உலகச் சந்தையை ஆளும் இந்தப் பருத்தி பிறந்திருக்காது. மானாவாரியில் வறட்சி தாங்கி நிற்கும் கருங்கண்ணியோ அதன் தாய்வழிச் சொந்தம். விளைச்சல் குறைவு என்று ஒதுக்கிய நாட்டு விதையையும், பயனில்லை என்று விட்ட காட்டுச் செடியையும் காப்பாற்றி வைப்பது நாளைய பருத்திக்கு நாம் இன்று செய்ய வேண்டிய கடமை.