உழவும் உறைவும் வழிபாடும்: ‘கொலோ’ என்னும் இலத்தீன் வினை

இலத்தீன் மொழியின் ‘கொலோ’ என்னும் வினைச்சொல் உழுதல், குடியிருத்தல், வழிபடுதல் ஆகிய மூன்று பொருள்களையும் ஒருங்கே தாங்கி நிற்பது. சுழலுதல், ஓரிடத்திலேயே இயங்குதல் என்ற பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இது பிறந்தது என்பது ஒப்பியல் மொழிநூலார் துணிபு. சமஸ்கிருதச் ‘சக்கரம்’ அவ்வேரின் மற்றொரு கிளையாகும். ஒரு நிலத்தை விட்டு நீங்காது அதிலேயே புழங்குபவன் அங்கே உறைவான், அதை உழுவான், அதைக் காக்கும் தெய்வத்தையும் போற்றுவான் என்று கொண்டால், மூன்று பொருளும் ‘பேணுதல்’ என்பதில் அடங்கிவிடும்.

இலத்தீன் வினைகளை நான்கு வாய்பாடுகளாகப் பகுக்கும் மரபில் கொலோ மூன்றாவதைச் சேர்ந்தது. நிகழ்காலத்தில் அது ஒருமையில் கொலோ, கொலிஸ், கொலித் எனவும், பன்மையில் கொலிமுஸ், கொலிதிஸ், கொலுந்த் எனவும் திரியும். ‘உழுகிறோம்’ என்பதிற்போல விகுதியே இடத்தையும் எண்ணையும் உணர்த்துவதால் எழுவாயைத் தனியே கூற வேண்டியதில்லை. ஆயினும் ‘உழுகிறான்’, ‘உழுகிறாள்’ எனத் தமிழ் விகுதி காட்டும் பால் வேறுபாடு கொலித் என்பதில் இல்லை. இறந்தகாலத்தில் ‘கொலுயீ’ என்றாகும் இவ்வினையின் செயப்பாட்டு எச்சம் ‘குல்துஸ்’, அதாவது ‘உழப்பட்ட’ என்பது. ‘குல்தூரா’ என்னும் பெயர்ச்சொல் இவ்வடிவத்தை ஒட்டியே எழுந்தது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மூத்த கேட்டோ இயற்றிய வேளாண் நூலின் பெயரில் குல்தூரா வெறும் நில உழவையே குறித்தது. கி.மு. 45இல் சிசரோ, வளமான வயலும் உழாமல் விளையாததுபோல் மனமும் கல்வியின்றி விளையாது என்று கருதி, மெய்யியலை மனத்தின் உழவு என்றார். ஐரோப்பிய மொழிகளில் ‘கல்ச்சர்’ என வழங்கும் கருத்துக்கு இதுவே ஊற்று. நிலத்தைப் பண்படுத்தும் தொழிலை நினைவூட்டும் ‘பண்பாடு’ அதற்குத் தமிழில் வாய்த்தது மிகப் பொருத்தமானது.

பெருமைக்குரிய இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பணி முடித்த படைவீரருக்கு, பெரும்பாலும் தோற்றவரிடமிருந்து பறித்த நிலத்தைப் பகிர்ந்தளித்து ரோமானியர் அமைத்த குடியேற்றம் ‘கொலோனியா’ எனப்பட்டது; கி.பி. 50இல் அத்தகுதி பெற்ற ரைன் ஆற்றங்கரை ஊரே இன்றைய கொலோன் நகரம். நிலத்தை உழுபவனைக் குறித்த ‘கொலோனுஸ்’ என்னும் சொல்லோ, பேரரசின் பிற்காலத்தில் பிறர் நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவனுக்குப் பெயராயிற்று. கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம், ஓடிவந்த கொலோனுஸுக்கு இடமளித்தவர் அவனைத் திருப்பி அனுப்பி அவன் தங்கிய காலத்துக்குரிய தலைவரியையும் செலுத்த வேண்டும் என்றும், ஓட எண்ணுபவனை விலங்கிட வேண்டும் என்றும் விதித்தது.