டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறியவர்கள்



ஜூன் பிறந்தால் எனக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும். "டீச்சர், நொய்டாவில் வேலை கிடைத்திருக்கு." "டீச்சர், புனேவுக்கு மாற்றல்." கூடவே இன்னொரு வரியும் வரும்: "அங்கே யாரையும் தெரியாது, பயமா இருக்கு." அந்தப் பயத்துக்கு நம் பக்கத்தில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு முன்னால் அதே பயத்தோடு ரயில் ஏறியவர்களின் கதையை இன்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெரிய பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ரயில் பாதை. பாதை இல்லாமல் பயணம் ஏது? பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் சென்னையிலிருந்து போன தண்டவாளமும் 1871-ல் ராய்ச்சூரில் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து சென்னையில் ஏறியவர் பம்பாயில் இறங்கலாம். ஆனால் டெல்லிக்கு அப்படி நேர்வழி கிடையாது. நிஜாம் சமஸ்தானத்துக் காஜிபேட்டைக்கும் மத்திய மாகாணத்து பல்லார்ஷாவுக்கும் நடுவில் காடும் ஆறுமாக ஒரு இடைவெளி கிடந்தது. அந்தத் துண்டு முடிந்தது 1920-களின் கடைசியில். 1929-ல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. முதலில் அது பெஷாவருக்கும் மங்களூருக்கும் நடுவே, நான்கு நாளுக்கு மேல் ஓடிய வண்டி. பிறகுதான் டெல்லி–சென்னை வண்டியானது. நம்மவர்கள் செல்லமாக 'ஜி.டி.' என்று சொல்வது இதைத்தான்.

பம்பாய்க்குத் தமிழர் முன்னதாகவும் டெல்லிக்குப் பின்னதாகவும் போனதற்கு இந்தப் பாதை ஒரு காரணம். இன்னொரு காரணம் வேலை.

பம்பாய்க்கு முதலில் போனவர்கள் என்றதும் பலருக்குக் குமாஸ்தாக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது பாதிக் கதை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தோல் தொழிலாளர்களும் வியாபாரிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தாராவியில் குடியேறிவிட்டார்கள். அப்போது அது ஊருக்கு வெளியே இருந்த சதுப்பு நிலம். தோல் பதனிடும் இடத்தின் நாற்றம் ஊருக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கிவிட்ட இடம். அந்தச் சேற்றை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, குடிசை போட்டு, ஒரு ஊரையே உண்டாக்கியவர்களில் நம் பாட்டன்மார் பலர் உண்டு. வரலாற்றுப் புத்தகத்தில் இவர்களுக்கு இடம் குறைவு. அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்துப் போனவர்கள் எழுத்து வேலைக்காரர்கள். பம்பாயில் 1896-ல் பிளேக் வந்து ஊரே நடுங்கியது. நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் 1898-ல் அமைந்தது. அது திட்டமிட்டு உருவாக்கிய புதுப் பகுதிகளில் ஒன்றுதான் மாதுங்கா. அங்கே சென்னை மாகாணத்துக்காரர்கள் வந்து குவிந்தார்கள். கையில் என்ன இருந்தது? ஒரு பள்ளிச் சான்றிதழ், தட்டச்சில் லோயர் அல்லது ஹையர், முடிந்தால் சுருக்கெழுத்து. நம் ஊரில் மூலைக்கு மூலை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்ததை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 'டக் டக்' சத்தம்தான் அன்றைக்கு வடக்கே போகும் டிக்கெட்.

டெல்லிக் கதை வேறு. 1911-ல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். புது டெல்லியை 1931-ல் திறந்துவைத்தார்கள். புது அலுவலகங்களுக்கு ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதே காலத்தில் இங்கே நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புவாரி அரசாணையைக் கொண்டுவந்தது. நூற்றுக்கு மூன்று பேராக இருந்த ஒரு சமூகத்தார் கையில் பெரும்பாலான அரசு வேலைகள் இருந்த நிலையை மாற்ற எடுத்த நியாயமான முயற்சி அது. அதன் இன்னொரு விளைவாக, அந்தச் சமூகத்து இளைஞர்கள் பலர் டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று பார்வையைத் திருப்பினார்கள். இங்கே கதவு திறந்தவர்களுக்கும் அது ஒரு தொடக்கம். வெளியே கிளம்பியவர்களுக்கும் அது ஒரு தொடக்கம். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயணம் எப்படி இருந்திருக்கும்? ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், தண்ணீருக்குக் கூஜா, இரண்டு நாளைக்குப் புளியோதரை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இன்ஜின் கரித்தூள் கண்ணில் விழும். பெஜவாடா வரை தெரிந்த மாதிரி இருக்கும். பல்லார்ஷா தாண்டினால் பேச்சு மாறிவிடும். நாக்பூர், இடார்சி, ஜான்சி, ஆக்ரா... இரண்டு இரவு ரயிலிலேயே கழியும். இறங்கும் இடத்தில் குளிர். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் ஒரு முகவரி.

அந்தத் துண்டுக் காகிதம்தான் இந்த வரலாற்றின் உயிர். ஊர்க்காரர், மாமா பிள்ளை, தெருக்காரர், யாராவது ஒருவர் முன்னால் போயிருப்பார். அவர் அறையில் ஏற்கெனவே நாலு பேர் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஐந்தாவது ஆளுக்கும் இடம் கொடுப்பார்கள். இவருக்கு வேலை உறுதியானதும் ஆறாவது ஆளுக்கு இவர் கடிதம் எழுதுவார். பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது.

அறைக்கு அடுத்தது சாப்பாடு. 1942-ல் மாதுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி ராம நாயக் என்பவர் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கினார். அவர் கன்னடப் பகுதியிலிருந்து போனவர். சோறும் ரசமும் கிடைக்காமல் வாடிய தென்னாட்டு இளைஞர்களுக்கு அந்த மாதிரி மெஸ்கள்தான் தாய் வீடு.

மூன்றாவது பள்ளிக்கூடம். டெல்லியில் மதராஸி கல்விச் சங்கம் 1923-லேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அதுதான் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம். ஏழு பள்ளிகள் நடத்துகிறது. பம்பாயில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் உருவானது. டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் வந்தது.

ஆசிரியை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. பம்பாய் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. தாராவியில் கூலி வேலை செய்தவரின் பிள்ளை, மாநகராட்சிப் பள்ளியில் 'அ, ஆ' எழுதிப் படித்தது. பிழைக்க வந்த ஊர், வந்தவன் மொழியில் அவன் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. 1960-ல் மகாராஷ்டிர மாநிலம் உருவானது. அதே ஆண்டு தொடங்கிய 'மார்மிக்' என்ற வார இதழ், நிறுவனங்களில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-ல் சிவசேனை பிறந்தது. "எங்கள் வேலையை இவர்கள் பறிக்கிறார்கள்" என்பதுதான் குற்றச்சாட்டு. உடுப்பி ஓட்டல்கள் அடித்து நொறுக்கப்பட்டன. தெருவில் தமிழ் பேசப் பயந்த காலம் அது. உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை இல்லாத கோபம் உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் விழுந்தது, மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மெஸ்ஸில் சாப்பிட்டவன் தலையில்.

அந்தப் பாதிச் சம்பளத்தை நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மாதத்தின் முதல் வாரத்தில் தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார். அதன் அடியில் ஒரு சிறு துண்டு இருக்கும். 'நலம். தம்பி பள்ளிக் கட்டணம் கட்டவும்.' அவ்வளவுதான் எழுத இடம் இருக்கும். அந்தப் பணத்தில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, கூரை ஓடானது, தம்பி படித்தான். நம்மில் எத்தனை குடும்பம் அப்படி மேலே வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

இப்போது திசை மாறிவிட்டது. அன்று நாம் ஏறிப் போன தண்டவாளத்தில் இன்று பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள். தன்பாத்–ஆலப்புழை வண்டி வந்து நிற்கும்போது திருப்பூர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். டிரங்குப் பெட்டிக்குப் பதில் முதுகுப் பை. துண்டுக் காகிதத்துக்குப் பதில் கைபேசி எண். மற்றபடி அதே முகம், அதே பயம். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. அந்த விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் தெற்கே வேலை தேடி வந்தவர்கள்.

அதே ஆண்டு மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழு இங்கே வந்து பார்த்தது. பொய் என்று தெரிந்து எல்லோரும் நிம்மதி அடைந்தோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். "வடக்கன் வந்து வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சு நம் டீக்கடையில், ஏன், நம் வாட்ஸ்அப் குழுவிலேயே வருவதில்லையா? 1966-ல் பம்பாயில் நம்மைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம்தானே அது? ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் என் ஒன்றாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுமி சேர்ந்தாள். அப்பா ஆலையில் வேலை. வந்த புதிதில் அவளுக்குத் தெரிந்த தமிழ் 'தண்ணி', 'டீச்சர்' இரண்டுதான். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வகுப்பிலேயே அதிகம் வாயடித்தது அவள்தான். ஆனால் அடுத்த வருடம் அப்பா வேறு ஊருக்கு மாறினார். அவளும் போய்விட்டாள். அங்கே பள்ளியில் சேர்த்தார்களா இல்லையா, தெரியாது. இப்படி நடுவில் நின்றுபோகும் படிப்புதான் இன்றைக்குப் பெரிய கவலை. பம்பாயில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, இங்கே இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

என் மாணவர்களில் சிலர் இன்று பனியன் கம்பெனி வைத்திருக்கிறீர்கள். சிலர் வீடு வாடகைக்கு விடுகிறீர்கள். சிலர் ஆசிரியர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை பார்ப்பவரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு முறை கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் நீங்களே கைபிடித்து அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுங்கள். அரைநாள் வேலைதான்.

புதிதாக வெளியூர் கிளம்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று. தைரியமாகப் போங்கள். போன இடத்து மொழியை மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறாவது ஆளுக்கு இடம் கொடுங்கள்.

உங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலில் வெளியூர் வேலைக்குப் போனவர் யார், எந்த வருடம், எந்த ஊருக்கு, யார் வீட்டில் தங்கினார் என்று கீழே எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்