மெமரியும் தேயும்!

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 புறப்பட்டபோது அதில் தேய்வதற்கு டயர், செயின், பிரேக் கட்டை என்று கண்ணுக்குத் தெரிந்த சமாச்சாரங்கள்தான் இருந்தன. இன்று அதே ஓசூரில் தயாராகிற ஐக்யூப், ஏதர் மின்சார ஸ்கூட்டர்களில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் தேய்கிறது. ஞாபகம்!

அதாவது, ஃபிளாஷ் மெமரி. 1984-ல் இதை உலகுக்கு அறிவித்தவர் தோஷிபா பொறியாளர் ஃபூஜியோ மசுவோகா. கேமரா ஃபிளாஷ் மாதிரி ஒரே வெட்டில் மொத்தமாக அழிவதால் அந்தப் பெயர். கரண்ட் போனாலும் எழுதியது மறக்காது. ஆனால், பழைய சிலேட்டு போலத்தான். ஒரு பிளாக்கைச் சில ஆயிரம் தடவை அழித்து எழுதினால், அப்புறம் அது அவுட். சில பிளாக்குகள் பிறவியிலேயே பழுது. அவற்றை சிப் தொழிற்சாலையிலேயே குறிபோட்டு ஒதுக்கிவிடுவார்கள்.

மற்றவற்றுக்கு வைத்தியம்? ஒரே இடத்தில் எழுதாமல் எல்லா பிளாக்குகளுக்கும் முறை வைத்து எழுதுவது. செத்ததற்குப் பதிலாக, கையிருப்பிலுள்ள உபரி பிளாக்கைக் கொண்டுவருவது.

உபரியும் தீர்ந்துவிட்டால்? 2021-ல் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், சுமார் 3,000 தடவை அழித்து எழுதினால் தேய்ந்துபோகிற 8 ஜிபி சிப். ஐந்தாறு வருஷத்தில் திரை இருண்டு, பின்பக்க கேமராகூட வேலை செய்யாமல் போனது.

எனவே, அடுத்தமுறை ஷோரூமில் மைலேஜோடு இதையும் கேளுங்கள்: ‘திரைக்கு எத்தனை வருஷ வாரண்டி?’